பழைய டேப்லெட்டில் புது ஆப் இறங்க மாட்டேன் என்கிறதே, ஓஎஸ் அப்டேட் செய்தால் சரியாகுமா?

ஓஎஸ் என்பது டேப்லெட்டின் அடிப்படை மென்பொருள். கேமரா, வைஃபை எதுவானாலும் ஆப்கள் அதனிடம் கேட்டுத்தான் வாங்கும். புது ஆப் கேட்கும் வசதி பழைய ஓஎஸ்ஸில் இல்லையென்றால் இன்ஸ்டால் ஆகாது. மூன்று முள் பிளக்கை இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகப் பார்க்கிற கதைதான்.

சரி, செட்டிங்ஸில் அப்டேட் காட்டினால் தாராளமாகச் செய்யுங்கள் (போட்டோக்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு). ஆனால் எல்லா மாடலுக்கும் வராது. 2012-இல் வந்த நான்காம் தலைமுறை ஐபேட், ஆப்பிளின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ்ஸில் 10-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் சிப் 32 பிட் (பிட் எண்ணிக்கை என்பது சிப் ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவு), ஐஓஎஸ் 11-க்கோ 64 பிட் வேண்டும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் தயாரிப்பாளர் அனுப்பினால்தான் உண்டு.

அப்புறம், ‘உங்கள் சாதனம் அப்டேட்டாக உள்ளது’ என்று திரையில் வந்தால், இருப்பதிலேயே புதிய ஓஎஸ் அது என்று அர்த்தமில்லை. அந்த மாடலுக்குக் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.