ஊசி போட்ட மாட்டின் பாலை எப்போது ஊற்றலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஜெர்சி கலப்பின மாடு வளர்க்கிறேன். ஒரு காம்பில் மடிநோய் வந்து மூன்று நாள் ஊசியும், காம்புக்குள் ட்யூப் மருந்தும் போட்டோம். முந்தாநாள் முடிந்தது. பால் இப்போது திரி இல்லாமல் வெள்ளையாக வருகிறது. ஆனால் தயிர் உறைய மாட்டேன் என்கிறது. மற்ற மூன்று காம்புப் பாலையாவது சொசைட்டிக்கு ஊற்றலாமா? காய்ச்சினால் மருந்து போய்விடுமா?

பதில்: நான்கு காம்புப் பாலையும் ஊற்றாதீர்கள். பால் தெளிந்துவிட்டால் நோய் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஊசி மருந்து ரத்தம் வழியாக மடி முழுவதும் போகும். ட்யூப் மருந்திலும் கொஞ்சம் ரத்தத்தில் ஏறி மற்ற காம்புகளில் இறங்கும். காய்ச்சினால் கிருமி சாகும், ஆன்டிபயாடிக் பெரும்பாலும் அப்படியே நிற்கும். உங்கள் ஒரு மாட்டுப் பால் கேன் முழுவதையும் கெடுத்துவிடும்.

ரத்தத்தில் ஏறிய மருந்தை வெளியேற்றுவது மாட்டின் சிறுநீரகமும் ஈரலும். பென்சிலின் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் போகும். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஈரல் சிப்ரோஃப்ளாக்சசினாக மாற்றும். அதுவும் கிருமிக்கொல்லிதான், பாலிலும் வரும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் கொழுப்பில் தங்கி, பித்தநீரோடு சாணத்தில் மெல்ல இறங்கும். பாலிலும் நாள்கணக்கில் கசியும். அதனால்தான் கறவை மாட்டுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். எந்த மருந்தும் ஒரேயடியாகப் போகாது. பாதி போகும், பிறகு மீதியில் பாதி. இப்படி ஐந்து சுற்று போன பிறகும் சுமார் 3 சதவீதம் பாக்கி இருக்கும்.

மருந்து லேபிளில் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று போட்டிருக்கும். மருந்துக்கென்று தனியாக நாள் உறுதி செய்யப்படாவிட்டால், 2012-ல் திருத்திய மருந்து விதிப்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். முதல் ஊசியிலிருந்து அல்ல, கடைசி மருந்திலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மருந்து போட்டிருந்தால் எதற்கு நாள் அதிகமோ அதுதான் கணக்கு. உங்கள் மாட்டுக்குப் போட்டவற்றின் பெயரையும் கடைசி ஊசித் தேதியையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர் சொன்னதற்கு மேல் அளவையோ நாளையோ கூட்டினால் லேபிள் கணக்கு செல்லாது.

அதுவரை வேளை தவறாமல் ஒட்டக் கறந்துவிடுங்கள். ட்யூப் மருந்து பெரும்பாலும் பாலோடுதான் வெளியே வரும். தண்ணீர் தாராளமாக வையுங்கள், குளிரில் மாடு குறைவாகக் குடிக்கும், வெதுவெதுப்பாகக் கொடுத்தால் குடிக்கும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் மந்தமாகும். பின்னங்காலில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் வேறு ஆள் கறந்தாலும் தெரியும்.

தயிர் விஷயத்தில் ஒன்று. மலைக்குளிரில் சும்மாவே உறைவது தாமதம். ஊசி போடாத மாட்டுப் பாலையும் இதையும் ஒரே அளவில், ஒரே உறைமோர் விட்டு, ஒரே போர்வைக்குள் வையுங்கள். அது உறைந்து இது உறையாவிட்டால் மருந்து இருக்க நிறைய வாய்ப்பு. ஆனால் இது உறைந்துவிட்டது என்பதற்காகப் பாலை ஊற்றிவிடாதீர்கள். தயிரைத் தடுக்காத அளவும் பரிசோதனையில் சிக்கும்.

கறந்த பாலைக் கன்றுக்குக் கொடுக்காதீர்கள், அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். சாண எரிவாயுக் கலனிலும் ஊற்றக் கூடாது, வாயு உண்டாக்கும் கிருமிகள் பாதிக்கப்படலாம். ஓடைக்கும் ஊற்றுக்கும் தள்ளிக் குழி வெட்டி ஊற்றி மண் மூடுங்கள்.