கிரீஸ் போட்ட பிறகு பழைய மீன்பிடி ரீலின் கைப்பிடி பின்னாலும் சுற்றுகிறதா?

கியரை மாற்ற வேண்டுமோ என்று யோசிக்கிறீர்களா? வேண்டாம். கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு மூடிய பிறகுதான் கைப்பிடி பின்பக்கமும் சுற்றுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பின்சுழற்சியைத் தடுக்கும் சின்னக் கொக்கியில் கிரீஸ் ஒட்டியிருக்கும். கெட்டி கிரீஸில் அது பல்சக்கரத்தில் விழாமல் மேலேயே நின்றுவிடும்.

மூடியைத் திறந்து, கொக்கியை நகத்தால் தூக்கி விடுங்கள். 'டிக்' என்று பல்லில் விழ வேண்டும். சோம்பலாக ஊர்ந்து வந்தால், பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அப்புறம் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கிரீஸ் கியர் பற்களுக்கு மட்டும் போதும்.

அப்படியும் பிடிக்காவிட்டால் கொக்கியின் நுனி மழுங்கியிருக்கலாம், தலைகீழாக மாட்டியும் இருக்கலாம்.

கொக்கியைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். கொக்கியோடு இருக்கும் ஸ்பிரிங் தெறித்துப் போனால் பழைய ரீலுக்கு இன்னொன்று தேடுவது பெரும்பாடு. தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், பெயின்டை அரித்துவிடும்.