சட்டத்தின் ஆட்சிக்காக உழைப்பதாகச் சொல்லும் அமைப்புகள் கருத்தரங்கு நடத்துவதைத் தவிர வேறென்ன செய்திருக்கின்றன?

கேட்டவர் ஒரு சட்டக் கல்லூரி மாணவர். இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறாராம். "உலகம் முழுக்க இருக்கிறார்கள், அறிக்கை விடுகிறார்கள், வெளிநாட்டுப் பணம் வாங்குகிறார்கள். இவர்களால் ஒரு சாதாரண மனிதனுக்கு ஏதாவது நடந்திருக்கிறதா? ஒரு உதாரணமாவது சொல்லுங்கள்" என்பது கேள்வி.

நடந்திருக்கிறது. நான் வக்கீல் இல்லை. எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் ஒன்பது வருடமாக வாரம் இரண்டு நாள் தன்னார்வலராக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குள்ளும் பல நாள் ஓடியிருக்கிறது. தேடிப் படித்ததில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது தென்னாப்பிரிக்காவில் நடந்த கதைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1955 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு பெண்கள் தேநீர் குடிக்க ஒரு வீட்டில் கூடினார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர்கள், வசதியான குடும்பத்துப் பெண்கள். கலப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறிக்க அப்போதைய வெள்ளையர் நிறவெறி அரசு முயன்றுகொண்டிருந்தது. அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தர வேண்டும், அது கிடைக்கவில்லை. அதனால் செனட் சபையையே பெரிதாக்கி, புது இடங்களில் தங்கள் ஆட்களை உட்கார வைக்கத் திட்டம் போட்டார்கள். விதியை மீறாத மாதிரியே விதியைக் கொல்கிற வேலை அது. இதைப் பொறுக்க முடியாமல்தான் அந்த ஆறு பேரும் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அரசியல் சாசனம் செத்துவிட்டது என்று துக்கம் காட்ட, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் பேசாமல் நின்றார்கள். அதனால் 'பிளாக் சாஷ்' என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் தோற்றார்கள். செனட் பெரிதானது, 1956இல் கலப்பினத்தவரின் பெயர்கள் பொதுவான வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு அவர்கள் செய்த காரியம். ஐம்பதுகளின் கடைசியில் கேப்டவுனில் தொடங்கி, பிறகு மற்ற நகரங்களிலும் ஆலோசனை அலுவலகங்களைத் திறந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வெளியே பெஞ்சில் நீளமான வரிசை.

யார் அந்த வரிசையில்? பாஸ் சட்டத்தில் மாட்டிய கறுப்பின மக்கள். பதினாறு வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஒரு பாஸ் புத்தகத்தை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. போலீஸ் கேட்கும்போது புத்தகம் கையில் இல்லையென்றால் நேராக லாக்கப். ஒரு வருடத்தில் லட்சக்கணக்கானவர்களை இப்படிப் பிடித்த காலம் அது. விசாரணை என்ற பெயரில் ஓரிரு நிமிடத்தில் தண்டனை.

அந்தக் கொடிய சட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன வாசல் இருந்தது. பத்தாவது பிரிவின்படி, ஒரே முதலாளியிடம் பத்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அந்த நகரத்தில் தங்கும் உரிமை உண்டு. சரி, பத்து வருடம் உழைத்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் 1968க்குப் பிறகு, வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம் மட்டுமே தருவது என்று விதி வந்தது. வருடம் முடிந்ததும் சொந்த ஊருக்குப் போய் மறுபடி கையெழுத்துப் போட்டுத் திரும்பி வர வேண்டும். பத்து வருடம் கழித்து உரிமையைக் கேட்டால், "உன் வேலை வருடா வருடம் அறுந்து போயிருக்கிறது, தொடர்ச்சி இல்லை" என்று அதிகாரி சொல்லிவிடுவார்.

பிளாக் சாஷ் பெண்கள் நாள் முழுக்க இதைத்தான் கேட்டார்கள். புத்தகத்தை வாங்கி முத்திரைகளைப் பார்ப்பார்கள். எந்த வருடம் வந்தாய், எந்த முதலாளி, நடுவில் எத்தனை நாள் ஊருக்குப் போனாய் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். முதலாளியிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள், அதிகாரிக்கு அவர்களே எழுதுவார்கள். பெரும்பாலும் 'முடியாது' என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலையும் கோப்பில் போட்டு வைப்பார்கள். வருடக்கணக்கில் இப்படிச் சேர்ந்த கோப்புகளிலிருந்து, எந்த விதியை எங்கே தட்டினால் உடையும் என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது.

1979இல் ஜோகன்னஸ்பர்க்கில் சட்ட வள மையம் என்ற அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆர்தர் சாஸ்கல்சன். மண்டேலா மீதான ரிவோனியா வழக்கில் மண்டேலா தரப்பு வக்கீல்களில் ஒருவராக இருந்தவர். நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு, காசு கொடுக்க முடியாதவர்களுக்காக வாதாட வந்தார். ஆலோசனை மேஜைகளில் தேங்கிக் கிடந்த பிரச்சினைகள் இப்போது நீதிமன்றத்துக்குப் போக ஆரம்பித்தன. 1980இல் கோமானி வழக்கில், உரிமை உள்ள கணவனோடு சேர்ந்து வாழ மனைவிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. அடுத்தது ரிக்கோட்டோ வழக்கு. ஜெர்மிஸ்டனில் ஒரே முதலாளியிடம் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த தொழிலாளி அவர். வருடா வருடம் ஊருக்குப் போய் வந்தது விடுமுறைதான், அதனால் வேலையின் தொடர்ச்சி அறுந்துவிடாது என்று 1983 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். நிறவெறி அரசு நியமித்த நீதிபதிகள், அதே அரசு எழுதிய சட்டம். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு ஒரே நாளில் நகரத்தில் வாழும் உரிமை வந்தது. முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தீர்ப்பு வந்தவுடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பல அலுவலகங்கள் முத்திரை குத்த மறுத்தன, இழுத்தடித்தன. குடும்பத்தைக் கூட்டி வருவதற்கு அரசு அதே வருடம் புதுக் கட்டுப்பாடுகள் போட்டது. மறுபடியும் மேஜைக்குத்தான் வேலை வந்தது. தீர்ப்பைச் சொல்லிக் கொடுத்து, விண்ணப்பம் எழுதி, மறுத்தால் மறுபடி எழுதி அனுப்பினார்கள். 1986இல் பாஸ் சட்டமே ரத்தானது. அதற்குத் தெருவில் நடந்த போராட்டங்களும் சிந்திய ரத்தமும் பெரிய காரணம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தைப் பல வருடம் உள்ளிருந்தே அரித்தவர்கள் இவர்கள். 1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையான அன்று மாலை கேப்டவுனில் பேசும்போது பிளாக் சாஷைப் பெயர் சொல்லி வணங்கினார். 1994இல் சாஸ்கல்சன் புதிய அரசியல் சாசன நீதிமன்றத்தின் முதல் தலைவரானார்.

நம் நாட்டிலேயே இதே மாதிரி ஒன்று உண்டு. சென்னையில் பிறந்த அருணா ராய் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு, ராஜஸ்தானில் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில் மண் வீட்டில் குடியேறினார். அவரும் கூட்டாளிகளும் கிராமத்து மக்களும் 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் (தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு வேலை செய்த கூலி சரியாக வரவில்லை என்று கேட்டால் "மஸ்டர் ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டில்) நீ வேலை செய்யவே இல்லையே" என்று பதில் வரும். மஸ்டர் ரோலைக் காட்டச் சொன்னால் "அரசு ரகசியம்" என்பார்கள். 1994 டிசம்பரில் கோட் கிராணா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். கிடைத்த ஆவணங்களை ஊர் நடுவில் சத்தமாக வாசிப்பது, அவ்வளவுதான். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்று வாசித்தால், அந்த இன்னார் கூட்டத்திலிருந்து எழுந்து "நான் அங்கே போகவே இல்லை" என்பார். 1996இல் அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை கேட்டு பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. அங்கிருந்து கிளம்பியதுதான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் சட்டம் போட்டது, அதில் மாநிலங்களிலேயே நாம்தான் முதல். ஆனால் தகவல் தர மறுப்பதற்கான விலக்குகள் அதில் ஏகப்பட்டது இருந்தன. கீழேயிருந்து மக்கள் கேட்டு வாங்கிய சட்டத்துக்குத்தான் பல் இருந்தது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தான் அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை, முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியில்தான் வாழ்கிறார்கள். தென்னாப்பிரிக்க சட்ட வள மையமோ ஃபோர்டு, கார்னெகி போன்ற அமெரிக்க அறக்கட்டளைகளின் உதவியோடு வளர்ந்தது. இரண்டுமே நேர்மையான வேலை. பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாசலில் வரிசை இருக்கிறதா, வருகிறவர் பெயரும் தேதியும் எழுதிய பதிவேடு இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். அப்படி ஒரு பதிவேடு இல்லாத அமைப்புகளையும் பார்த்திருக்கிறேன், பேனர் மட்டும் பெரிதாக இருக்கும்.

இந்தப் பதிவேட்டுக்கு அரசுகள் எவ்வளவு பயப்படும் என்பதற்கு ரஷ்யாவின் 'மெமோரியல்' அமைப்பைப் பாருங்கள். ஸ்டாலின் காலத்தில் சுடப்பட்டவர்கள், சிறை முகாமில் செத்தவர்கள் என்று லட்சக்கணக்கானவர்களின் பெயர்களைச் சேர்த்தவர்கள். 2019 வரை வருடா வருடம் அக்டோபர் 29 அன்று மாஸ்கோவில் ரகசிய போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே உள்ள நினைவுக் கல்லருகே மக்கள் குளிரில் வரிசையில் நின்று, ஆளுக்கொரு தாளை வாங்கி வாசித்தார்கள். பெயர், வயது, தொழில், சுடப்பட்ட தேதி. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியாகவே அந்த அமைப்பைக் கலைத்தார்கள். அடுத்த வருடம் நோபல் அமைதிப் பரிசு பெற்ற மூவரில் அதுவும் ஒன்று.

நீங்கள் சேரலாமா என்று கேட்டீர்கள். என் மேஜையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு அக்கா வந்தார். கணவர் இறந்துவிட்டார், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அலுவலகத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று தடவையும் "அப்புறம் வாங்க" என்றுதான் பதில். எப்போது மனு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "மாரியம்மன் கோயில் கொடைக்கு முன்னாடி" என்றார். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் மனுவே கொடுக்கவில்லை.

அன்றைக்குத் தேதி போட்டுப் புது மனு எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். அட்டை திரும்பி வந்தது, அலுவலக முத்திரையோடு. ஒரு மாதம் பொறுத்தோம். பிறகு பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இந்தத் தேதியில் பெறப்பட்ட என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று தகவல் சட்டத்தில் கேட்டோம். பதிலுக்கான 30 நாள் முடிவதற்குள் சான்றிதழே வந்துவிட்டது. பியாவரில் 40 நாள் வெயிலில் உட்கார்ந்தவர்களை அந்த அக்காவுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வந்து சேருங்கள் தம்பி. முதலில் உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஆறு மாதம் உட்காருங்கள், பெரிய அமைப்புகளை அதற்குப் பிறகு பார்க்கலாம். போன மாதம் அந்த அக்கா தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார், பட்டா பெயர் மாற்றத்துக்காக. நான் பேனாவை எடுப்பதற்குள் அவரே நாத்தனாரிடம், "முதல்ல போன தடவை குடுத்த சீட்டு எங்க, அதை எடு" என்றார்.