நகையை விற்க வேண்டாம், முதல் மூன்று மாதக் கணக்கைப் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். இயந்திர வடிவமைப்புப் பொறியாளரான என் கணவருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்டுக்கு 60,000 யூரோ சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவர் முதலில் சென்று, மூன்று மாதம் கழித்து நானும் ஆறு வயது மகளும் போவதாக ஏற்பாடு. விமானச் செலவு நிறுவனத்தினுடையது. எங்கள் சேமிப்பு 14 லட்சம் ரூபாய், எல்லாம் கணவரின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வீட்டுக் கடன் தவணை, மாமனார் மாமியாரின் மருந்து, வீட்டுச் செலவு என்று இங்கே மாதம் 45,000 ரூபாய் ஆகிறது. பணம் போதாது என்று பயந்து என் இருபது பவுன் நகையை விற்கவும், பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை மூடவும் யோசிக்கிறோம். செய்யலாமா? எவ்வளவு பணத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சகோதரி, நகையை விற்க வேண்டாம், பிபிஎஃப் கணக்கையும் மூட வேண்டாம். உங்களிடம் உள்ள பணம் போதும். ஆனால் அது சரியான நாளில், சரியான ஊரில், சரியானவர் பெயரில் இருக்க வேண்டும். புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்கின்றன, அல்லது உங்களைப் போல மொத்தச் செலவை நினைத்து அஞ்சுகின்றன. முதல் மூன்று மாதங்களைத் தனியே எடுத்துக் கணக்கிடுவோர் மிகச் சிலரே.

முதலில் சம்பளம். மாதம் 5,000 யூரோ என்பது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு ஆகிய காப்பீடுகளுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்குமேல் வருமான வரி. நீங்கள் இந்தியாவில் இருக்கும்வரை உங்கள் கணவர் தனிநபருக்குரிய முதலாம் வரிப் பிரிவில் இருப்பார் என்பதால், கைக்கு வருவது ஏறத்தாழ 3,100 யூரோவாக இருக்கும். நீங்கள் அங்கே சென்று பதிவு செய்த பிறகு, மனைவிக்கு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு ஏற்ற மூன்றாம் பிரிவுக்கு மாறினால் அது 3,500 யூரோவை ஒட்டி உயரும். அந்த ஆண்டு முடிந்ததும் இருவரும் சேர்ந்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், முதல் மாதங்களில் கூடுதலாகப் பிடித்ததில் ஒரு பகுதி திரும்பி வர வாய்ப்புண்டு; மறக்காமல் செய்யுங்கள். இந்தச் சம்பளத்தில் அவர் அரசுச் சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டில்தான் சேருவார். வேலைக்குப் போகாத மனைவியும் பிள்ளையும் அதே சந்தாவில் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்ளலாம் என்பது பெரிய நிம்மதி.

சம்பளம் அங்கே மாதக் கடைசியில்தான் வரும். வங்கிக் கணக்கு திறப்பதோ வரி அடையாள எண் கிடைப்பதோ தாமதமானால் முதல் மாதச் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். ஆகவே மூன்று மாதமும் சம்பளமே வராது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். முதல் இரண்டு மாதம் ஓர் அறைக்கு மாதம் 900 வீதம் 1,800 யூரோ. மூன்றாம் மாதம் குடும்பத்துக்கான வீட்டு வாடகை, வெப்பமூட்டும் செலவும் பராமரிப்பும் சேர்த்து 1,650. சாப்பாடு, போக்குவரத்துக்கு மூன்று மாதத்துக்கு 1,500. இவை என் மதிப்பீடுகள். வீடு கிடைக்கும் பகுதியைப் பொறுத்து மாறும்.

அடுத்தது வீட்டுக்கான முன்பணம். வெப்பமூட்டும் செலவு சேராத வெறும் வாடகையை அங்கே ‘கால்ட்மீட்டெ’ என்பார்கள். அதில் மூன்று மாதத் தொகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அதையும் மூன்று சம தவணைகளாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு; முதல் தவணை குடியேறும்போது, மற்றவை அடுத்த இரு மாத வாடகையோடு. வெறும் வாடகை 1,300 என்றால் முன்பணம் 3,900. முதலில் கட்ட வேண்டியது 1,300 மட்டுமே. புதிதாக வருபவர்கள் இது தெரியாமல் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைகிறார்கள்.

நம் ஊர் வாடகை வீட்டுக்குப் பழகியவர்கள் எதிர்பாராத செலவு ஒன்றும் உண்டு. ஜெர்மனியில் பல வீடுகள் சமையலறைச் சாமான்கள் இல்லாமலேயே வாடகைக்கு வரும். கதவைத் திறந்தால் வெறும் சுவர், அதில் தண்ணீர்க் குழாய் இணைப்பு, அடுப்புக்கான மின் இணைப்பு, கூரையில் விளக்கில்லாமல் தொங்கும் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் தொட்டிகூட இருக்காது. காலி செய்து போகிறவரிடம் பழைய சமையலறையை விலைக்கு வாங்கிக்கொள்வது அங்கே சாதாரண வழக்கம். விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் இதைக் கேளுங்கள். சமையலறை, கட்டில், சிறு சாமான்களுக்கு 3,000 யூரோ ஒதுக்குங்கள்.

ஆக மொத்தம் 9,250 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று கொண்டால் 9,25,000 ரூபாய். கோவைச் செலவு மூன்று மாதத்துக்கு 1,35,000. மீதம் 3,40,000 ரூபாய். இதை மாமனார் மாமியாரின் திடீர் மருத்துவத் தேவைக்கென்று தொடாமல் வையுங்கள். இடையில் ஒரு மாதச் சம்பளம் வந்துவிட்டாலே மூச்சு விடலாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இனி, பணம் யார் பெயரில் என்பது. வேலைக்காகப் புறப்படும் நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டப்படி உங்கள் கணவர் வெளிநாட்டில் வசிப்பவர். அவருடைய சேமிப்புக் கணக்கு, வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்தியப் பணத்தை வைத்துக்கொள்வதற்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றப்பட வேண்டும். அதிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றாலும், படிவமும் தணிக்கையாளர் சான்றும் கேட்கப்படலாம். அவசர நேரத்தில் அது தாமதம். நீங்களோ அந்த மூன்று மாதமும் இந்தியவாசி. இந்தியவாசி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப முடியும், நெருங்கிய உறவினரின் பராமரிப்புக்கும் அனுப்பலாம். ஆகவே அவர் கிளம்புவதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒரு கணக்கு வைத்து, வீட்டுச் செலவுப் பணத்தோடு ஐந்தேகால் லட்சத்தை அதில் போட்டுவிடுங்கள். மீதி நான்கு லட்சத்தை வெளிநாட்டுப் பணம் ஏற்றிய பயண அட்டையிலும், சிறு பகுதியை யூரோ நோட்டுகளாகவும் அவர் கொண்டுபோகட்டும்; நோட்டாக எடுத்துச்செல்ல ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புதான் வரம்பு. அவருக்கு அங்கே கணக்கு திறந்ததும் நீங்கள் அனுப்பலாம். ஒருவர் நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வங்கி முன்கூட்டி வரி பிடிக்காது. இருபது பவுன் வைத்திருக்கும் பெண்ணின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கில்கூடப் பணமில்லாமல் இருப்பது, கணவர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கையில் ஆபத்தானது என்பதற்காகவும் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ என்ற அந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட சான்று தேவை. அதன் பிறகுதான் வரி அடையாள எண் தபாலில் வரும். வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் பெரும்பாலும் தனித்தனித் தபாலில் வரும். தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் பார்ப்பார். முன்பு எனக்கு எழுதிய ஒரு குடும்பத்துக்கு இருமுறை வங்கி அட்டை திரும்பிப் போயிற்று. கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகத் தந்தையின் பெயர் இருந்ததால் கடிதங்கள் அந்தப் பெயருக்கு வந்தன. பெட்டியில் கணவர் தம் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தார். கடவுச்சீட்டில் உள்ள எல்லாப் பெயர்களையும், உங்களுடையதும் மகளுடையதும் உட்பட, பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் சென்றதும் ‘கிண்டர்கெல்ட்’ என்னும் குழந்தைப் படிக்கு விண்ணப்பியுங்கள். 2026 ஜனவரி முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ. தாமதித்தால் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு மேல் பழைய பாக்கி தரமாட்டார்கள். பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம். அதன் பிறகு நீட்டிக்க மட்டும் முடியாது.

கேள்வி: என் மகன் வெளிநாடு போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய பழைய சேமிப்புக் கணக்குக்கே பணம் அனுப்புகிறான். ஏடிஎம் அட்டையும் சிம்மும் என்னிடம் உள்ளன. இதுவரை தொல்லை இல்லை. இப்படியே தொடரலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தொடரக் கூடாது ஐயா. வங்கிக்குத் தெரிவிக்காமல் சாதாரணச் சேமிப்புக் கணக்கை வைத்திருப்பது அந்நியச் செலாவணிச் சட்ட மீறல். அந்தச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மேலும், மகனின் அட்டையையும் ரகசிய எண்ணையும் நீங்கள் பயன்படுத்துகையில் யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால், ரகசிய எண்ணைப் பகிர்ந்ததைக் காட்டியே வங்கி கைவிரித்துவிடும்.

பழைய கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை இந்தியாவில் ரூபாயாகப் போட்டு வைப்பதற்கென்று உள்ள என்ஆர்இ கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறக்கட்டும். என்ஆர்ஓ வட்டிக்கு 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் பிடிப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் அவர் வசிக்கும் நாட்டில் அதற்கு வரி உண்டா என்று பார்க்க வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகள் தங்கள் நாட்டில் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதற்கும் வரி கேட்பவை. கணக்கு விவரங்களை நாடுகள் ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன.

உங்கள் செலவுக்கான பணத்தை உங்கள் சொந்தக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். மகன் பெற்றோருக்குத் தரும் பணம் எவ்வளவு ஆனாலும் பெறுபவருக்கு வருமான வரி கிடையாது. மகன் கணக்கிலிருந்து இங்கே நீங்கள் பணம் எடுக்க வேண்டிய தேவை இருந்தால், வங்கியில் முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, சிங்கப்பூர், பிரிட்டன், வளைகுடா நாடுகள் சில உட்படப் பத்து நாடுகளின் கைப்பேசி எண்களில் வெளிநாடுவாழ் இந்தியரின் இந்த இருவகைக் கணக்குகளுக்கும் யுபிஐ வசதியை 2023இல் அனுமதித்தார்கள். உங்கள் மகன் இருக்கும் நாடு அதில் இருந்தால், சிம்மைத் தஞ்சாவூரில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: குடும்பத்தோடு கனடா போகிறோம். திருச்சி வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் அதில் வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாடகைதாரரின் பொறுப்பு. இது தெரியாத வாடகைதாரர் பின்னால் துறையிலிருந்து கடிதம் வந்து திண்டாடுவார். ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள், எழுத்திலும் சேருங்கள். வாடகையை என்ஆர்ஓ கணக்கில் வாங்குங்கள். இந்தியாவில் உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து பிடித்த தொகையைத் திரும்பப் பெறலாம். குறைந்த விகிதத்தில் பிடிக்க முன்கூட்டியே துறையிடம் சான்று வாங்குவதும் முடியும்.