மிரட்டலுக்கும் புகார் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கார்மென்ட்ஸில் டெய்லராக இருக்கிறேன். லைன் சூப்பர்வைசர் தனியாகப் பேச வரச் சொன்னார், மறுத்துவிட்டேன். அதிலிருந்து நான் தைத்த பீஸை மட்டும் ஆல்ட்ரேஷன் (மறுபடி திருத்தித் தைக்க வேண்டும்) என்று திருப்பி அனுப்புகிறார். கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கும் வருகிறார். 'நீ எப்படி இங்கே வேலை பார்க்கிறாய் என்று பார்க்கிறேன்' என்கிறார். இதுவரை தொடவில்லை. புகார் செல்லுமா?
– வாசகி, வேடசந்தூர்

பதில்: தாராளமாகச் செல்லும். தொட்டால்தான் குற்றம் என்று 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்லவில்லை. இணங்காததற்காக வேலையில் கெடுபிடி செய்வதும் மிரட்டுவதும் அதில் அடக்கம். கம்பெனி ஏற்பாடு செய்த வேனும் பணியிடம்தான்.

டார்கெட் நேரத்துக் கத்தல் லைன் முழுவதற்கும் விழும். உங்கள் மேல் மட்டும் விழுந்தால், மறுத்த பிறகு கூடினால், கேட்டுக்கு வெளியேயும் தொடர்ந்தால் அது வேறு விஷயம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் கார்மென்ட்ஸ் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகே, 2022 ஏப்ரலில், பணியிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க தொழிற்சங்கமும் நிறுவனமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது.

இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். 'மோசமாகப் பேசினார்' என்றால் விசாரணையில் நிற்காது. 'செவ்வாய், மாலை 5.40, பேக்கிங் டேபிள் பக்கம். சொன்ன வார்த்தை இது. அருகில் செக்கிங் அக்கா இருந்தார்' என்று இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம் குறிப்பிட்டு, எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு கட்டாயம். கடைசிச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்துப் புகாரும் 6 நகலும் கொடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். விசாரணை முடிய 90 நாள் வரை ஆகலாம். அதுவரை அவரையோ உங்களையோ வேறு லைனுக்கு மாற்றவும், 3 மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காததால்தான் பலர் அதே சூப்பர்வைசரின் கீழேயே 90 நாளையும் கழிக்கிறார்கள்.

'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்பார்கள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் புகாரில் விசாரணை நடக்காது. புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

பின்தொடர்வது தனியாகவே போலீஸ் குற்றம். குழுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, ஆலோசனைக்கு 181.

கேள்வி: எங்கள் கடையில் 7 பேர்தான். தொந்தரவு தருபவரே முதலாளி. யாரிடம் போவது?
– வாசகி, கரூர்

பதில்: மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேளுங்கள். பெரிய கம்பெனியாக இருந்தாலும் புகார் முதலாளி மேல் என்றால் இதே வழிதான்.

கேள்வி: கட்டிங் செக்ஷன் ஆள் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தப் போகிறோம். 'மேனேஜரைச் சும்மா விடமாட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கோபத்தில் பேசுவதுதானே?
– எச்.ஆர். அலுவலர், திருப்பூர்

பதில்: இருக்கலாம். ஆனால் யாரை, எங்கே, எப்படி என்று பேச்சு துல்லியமாகும்போது அதைக் கோபம் என்று தள்ளாதீர்கள். மேனேஜர் எத்தனை மணிக்குக் கிளம்புவார், எந்த வண்டி என்று விசாரிக்கிறாரா? அவர் பேசியதைக் கேட்டவர்களிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்; கூட்டமாக உட்காரவைத்தால் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.

வேலையை விட்டு நிறுத்தும் செய்தியை ஃப்ளோரில், எல்லோர் முன்பும், கத்தியும் கத்தரியும் கைக்கெட்டும் இடத்தில் சொல்லாதீர்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில், வாசலுக்கு அருகிலுள்ள அறையில், இருவராக இருந்து சொல்லுங்கள். அவர் மிரட்டிய மேனேஜர் அந்த இருவரில் வேண்டாம். அடையாள அட்டையை அங்கேயே வாங்கி, செக்யூரிட்டிக்கும் அன்றைக்கே தகவல் கொடுங்கள். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். முடிந்தால் அன்றைக்கே கணக்கை முடியுங்கள்: 'நாளைக்கு வா' என்று இழுத்தடிப்பதுதான் ஆளை மறுபடி மறுபடி கேட்டுக்கு வரவைக்கிறது.