செயின்ட் பேட்ரிக் தினத்துக்குக் குழந்தையோடு சேர்ந்து கையால் வாழ்த்து அட்டை செய்வது எப்படி?

டப்ளினில் இருக்கிறோம், மகள் முதல் வகுப்பு, டீச்சருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் கொடுக்க வேண்டும், நான்கு இலை வரைந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு வேண்டாம். இந்த நாளுக்கு அடையாளமாக வரைவது ஷாம்ராக் என்ற சிறு செடியின் இலை, ஷாம்ராக் என்றால் மூன்று இலைதான். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக் மூன்று இலையைக் காட்டி, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை விளக்கினார் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. நான்கு இலை க்ளோவர் அதிர்ஷ்டச் சின்னம், அது வேறு சங்கதி. "இதுக்கெல்லாமா சண்டை" என்று சிலர் கமெண்டில் வருவார்கள். நம் வீட்டுக்கு வந்த ஒருவர் ஐந்து கால் மாட்டை வரைந்து பொங்கல் வாழ்த்து என்று நீட்டினால் எப்படி இருக்கும்? வாங்கிக்கொள்வோம். ஆனால் கண் அந்தக் காலுக்குத்தான் போகும்.

இலையின் வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து மக்கள் எந்தச் செடியை ஷாம்ராக் என்று பறிக்கிறார்கள் என்று 1893-இல் நதானியேல் கோல்கன் என்ற இயற்கை ஆர்வலர் பல மாவட்டங்களிலிருந்து செடிகளை வரவழைத்துப் பார்த்தார். பெரும்பாலும் இரண்டு வகைக் க்ளோவர்கள்தான் வந்தன. இரண்டிலும் இலை ஏறக்குறைய முட்டை வடிவம், நுனியில் லேசான பள்ளம் இருந்தால் உண்டு. ஆழமாகப் பிளந்த இதய வடிவம் நம் ஊர்ப் புளியாரையின் இலை. மூன்று இதயங்களை ஒட்டுவது குழந்தைக்குச் சுலபம் என்பதால் அது தப்பு என்று சொல்ல மாட்டேன். மேல் பள்ளத்தை மட்டும் 3 மி.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள், உடனே ஷாம்ராக் சாயல் வந்துவிடும்.

இனி தாள். தமிழில் கிடைக்கிற கைவினை வீடியோக்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. "ஒரு திக்கான பேப்பர் எடுத்துக்கோங்க" என்பார்கள். எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கனக் கணக்கு), எந்தப் பக்கம் மடிப்பு, ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்துச் செய்கிற பிள்ளை, அட்டை நிற்காமல் சரிந்ததும் தனக்குத்தான் கைவராது என்று நினைத்துக்கொள்ளும். அளவு சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம், மேலே ஒட்டும் இலைக்கு 120 ஜிஎஸ்எம். ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 14.8 × 21 செ.மீ. துண்டு இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் 21 செ.மீ. பக்கத்தின் நடுவில் மடித்தால் 10.5 × 14.8 அளவு அட்டை, கடையில் விற்கும் சி6 உறைக்குள் கச்சிதமாகப் போகும். நீளவாக்கில் 10.5 செ.மீ. பட்டையாக வெட்டி மடித்தாலும் இதே அளவு வரும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளப் பக்கமாக ஓடும். பட்டையாக வெட்டினால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுந்து, வண்ண அட்டையில் வெள்ளை வெள்ளையாக வெடிக்கும். சந்தேகமாக இருந்தால் தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதற்கு இசைவாக மடியுங்கள். மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்த வேண்டும். அந்தப் பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் இருக்கட்டும், புடைப்பு உள்ளே போகட்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மகளுக்குக் குடைமிளகாய் அச்சு பிடிக்கும். குறுக்கே வெட்டினால் இலை மாதிரி விழும். கடையிலேயே காயின் அடியைப் புரட்டிப் பார்த்து மூன்று புடைப்பு உள்ளதாக எடுங்கள், நான்கு உள்ளதுதான் அதிகம் கண்ணில் படும். வெட்டியதும் விதையை எடுத்துவிட்டு, வெட்டுவாயை டிஷ்யூ மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு தோய்த்தால் போஸ்டர் கலர் நீர்த்து ஓரம் கசியும். வண்ணத்தைத் தட்டில் மெல்லப் பரப்பித் தொடுங்கள், முதல் அச்சைப் பழைய தாளில் போட்டுவிட்டு இரண்டாவதை அட்டையில் போடுங்கள். காம்பை அச்சு காய்ந்த பிறகு தூரிகையால் 2 மி.மீ. அகலத்தில், லேசாக வளைத்து இழுக்க வேண்டும்.

தாத்தா பாட்டி அட்டைக்கு மூன்று முனைக் கெல்டிக் முடிச்சு, அதாவது பழைய ஐரிஷ் பாணிப் பின்னல் கோலம், நீங்கள் போடுங்கள். 3 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் வரைந்து, ஒவ்வொரு மூலையையும் மையமாக வைத்து 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், 2.6 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம். ஒரு வட்டத்தின் எந்தப் பகுதி மற்ற இரண்டு பெரிய வட்டங்களுக்கும் வெளியே கிடக்கிறதோ அதை அழித்துவிடுங்கள். சிறிய வட்டங்கள் வெளி முனைகளில் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தோடு நிற்கட்டும். முனைக்கு முனை 6 செ.மீ. முடிச்சு மிஞ்சும். பட்டைகள் வெட்டிக்கொள்ளும் இடம் மூன்றே மூன்று. பூ கட்டும்போது நார் போவது போல ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டு இடத்தில் தொடர்ந்து மேலே போய்விட்டால் அது முடிச்சு இல்லை, அடுக்கி வைத்த வளையம். மை போடும் முன் பென்சிலால் ஒரு சுற்று ஓட்டிச் சரிபாருங்கள்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு, அட்டை நெளியும். பசைக் குச்சியோ இருபக்க டேப்போ போதும். அயர்லாந்துக் கொடி நிறத்தில் பட்டை ஒட்டினால் இடப்பக்கம் பச்சை, நடுவில் வெள்ளை, வலப்பக்கம் ஆரஞ்சு. மாற்றி ஒட்டினால் ஐவரி கோஸ்ட் கொடியாகிவிடும்.

உள்ளே ஐரிஷ் மொழியில் எழுதினால் டீச்சர் மகிழ்ந்துபோவார். மார்ச் 1 முதல் 17 வரை அங்கே ஐரிஷ் மொழி விழாவும் நடக்கிறதே. வாழ்த்து "Lá Fhéile Pádraig sona duit", ஏறக்குறைய "லா ஏலெ பாட்ரிக் சொனா டிச்" என்று படிக்கலாம். அதில் மூன்று உயிரெழுத்துகளின் தலையில் சாய்கோடு வரும், ஃபாடா என்பார்கள். முதல் சொல்லில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, பாட்ரிக் என்பதன் முதல் உயிரில் ஒன்று. அதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள், நம் குறில் நெடில் மாதிரிதான். ஷான் என்ற பெயரில் அந்தக் கோடு விட்டுப்போனால் "பழைய" என்று பொருளாகிவிடும். கடைசிச் சொல் "டிச்" ஒருவருக்கு. தாத்தா பாட்டி இருவருக்கும் சேர்த்து எழுதும்போது அது "டீவ்" என்று மாறும், எழுத்துக்கூட்டலும் வேறு (daoibh). ஆங்கிலத்தில் பேட்ரிக் பெயரைச் சுருக்கி எழுதினால் Paddy, இரண்டு d எழுத்தோடு. Patty என்று எழுதினால் அது பெட்ரீஷியாவின் செல்லப் பெயர்.

பிரிட்டனில் உள்ள உறவினருக்கும் அனுப்ப நினைத்து பிரிட்டனிலேயே இருக்கும் ஒருவரிடம் தபாலில் போடச் சொன்னால், அட்டையின் தடிமன் உறையோடு 5 மி.மீ. தாண்டாமல் பாருங்கள். பிரிட்டன் தபால் நிறுவனமான ராயல் மெயிலில் அதற்கு மேல் போனால் கடிதக் கட்டணம் செல்லாது. 2 மி.மீ. ஃபோம் டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போதுதான் இந்த அளவு தப்பும். செயின்ட் பேட்ரிக் தினமான மார்ச் 17 அயர்லாந்தில் பொது விடுமுறை, பள்ளி இருக்காது. டீச்சர் அட்டை அதற்கு முந்தைய பள்ளி நாளே பையில் இருக்கட்டும். குடைமிளகாய் அச்சு முழுதாகக் காய ஓர் இரவு வேண்டும்.