அடியாளும் சங்கமும்

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கின் யூதக் கும்பல்களைப் பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். மங்க் ஈஸ்ட்மன், பால் கெல்லி என்ற கும்பல் தலைவர்களின் மோதலில் யார் பெரியவர்? ஒடுக்கப்பட்டிருந்த தம் மக்களுக்கு இந்த ரவுடிகள் காவலாக இருந்தார்கள் என்று நினைக்கிறேன். மெய்யர் லான்ஸ்கி என்ற யூதக் கும்பல் தலைவரின் ஆட்கள் நாஜி ஆதரவாளர்களின் கூட்டங்களில் புகுந்து அடித்தார்களே?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

ஈஸ்ட்மனா கெல்லியா என்பது திண்ணைப் பேச்சு, விடுங்கள். லான்ஸ்கி ஆட்கள் அடித்தது நடந்ததுதான். ஆனால் அது 1930களின் பிற்பகுதி. அதைக் காட்டி முந்தைய முப்பது ஆண்டுகளைக் கழுவிவிட முடியாது. 'காவல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோபத்தைத் தந்தது. சில வாரங்களாக அந்த ஊர்த் தையல் தொழிலாளர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1909இல் ரவிக்கை தைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் யூதப் பெண்கள், பலர் இருபது வயதைத் தொடாதவர்கள். மறியலில் நின்ற கிளாரா லெம்லிக்கை விலா எலும்பு முறிய அடித்தவர்கள் கூலி ரவுடிகள். அவர்களை ஏவிய முதலாளிகளிலும் யூதர்கள் உண்டு. போலீஸ் பிடித்துப்போனதோ பெண்களை! இதற்குப் பிறகு சங்கங்கள் தாமும் அடியாள் வைத்தன என்றால் அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்படி வந்தவன்தான் 'டோப்பி' பென்னி ஃபைன். கருங்காலிகளை அடித்து விரட்டினான், கூலி வாங்கினான். ஒருமுறை கைதானபோது சங்கம் ஜாமீன் எடுக்கவில்லை. உடனே அரசு வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். 1915இல் சங்கத் தலைவர்கள் மீதே வழக்கு பாய்ந்தது.

1920களில் வந்த அடியாட்கள் முதலாளி, சங்கம் என இரு பக்கமும் விலைபோனார்கள். கிட் டிராப்பரும் லிட்டில் ஆகியும் வேலைநிறுத்தங்களுக்கு அடியாள் அனுப்பும் குத்தகைக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1923 ஆகஸ்ட் 28 அன்று எசெக்ஸ் மார்க்கெட் நீதிமன்ற வாசலில் டிராப்பரைப் போலீஸ்காரர்கள் ஒரு டாக்சியில் ஏற்றினார்கள். ஆகியின் ஆளான லூயிஸ் கோஹன் பின்கண்ணாடி வழியாக அவனைச் சுட்டுக் கொன்றான். ஒரு குண்டு உள்ளே இருந்த போலீஸ் கேப்டனின் தொப்பியைத் துளைத்தது. 1927இல் லிட்டில் ஆகியும் தெருவில் சுடப்பட்டுச் செத்தான். இடத்தைப் பிடித்தவர்கள் லெப்கே புக்கால்டரும் ஷாபிரோவும்.

லெப்கே வேலைநிறுத்தம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. துணி ஓரிடத்தில் வெட்டப்பட்டு வேறிடத்தில் தைக்கப்படும், நடுவே லாரி. லாரி நின்றால் முதலாளிக்கு அந்தப் பருவமே போயிற்று. எனவே லாரிக்காரர்களையும் சங்கக் கிளைகளையும் கைக்குள் போட்டுக்கொண்டான். முதலாளியும் மாமூல் கட்டினான், தொழிலாளியும் கட்டினான்.

ஜோசப் ரோசன் யார் தெரியுமா? லாரித் தொழில் செய்த யூதர். அந்தத் தொழிலை லெப்கே பிடுங்கிக்கொண்டதால் புரூக்ளின் பிரவுன்ஸ்வில்லில் சிறு மிட்டாய்க் கடை வைத்துப் பிழைத்தார். அரசு வழக்கறிஞரிடம் வாய் திறந்துவிடுவார் என்ற பயத்தில் 1936 செப்டம்பர் 13, ஞாயிறு காலை, கடை திறந்த நேரத்தில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காகத்தான் 1944 மார்ச் 4 அன்று சிங் சிங் சிறையில் லெப்கே மின்நாற்காலியில் உட்கார்ந்தான். உங்கள் காவலர்கள் யாரிடமிருந்து யாரைக் காத்தார்கள்?

இளம் வயதில் தொப்பியும் துப்பாக்கியும் கண்ணை மறைப்பது இயல்பு. அதற்காக உங்களைக் குறைவாக நினைக்கவில்லை. இவ்வளவு தேடிப் படிக்கும் பிள்ளைகள் எனக்கு எழுதுவது அபூர்வம், நிறைய எழுதுங்கள். கட்டுரை முடிந்ததும் அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். ரோசனும் கிளாராவும் அதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.